அந்தாரே (இத்தாலிய வினைச்சொல்)

அந்தாரே என்பது இத்தாலிய மொழியில் 'போதல்' என்னும் பொருள் தரும் வினை. அன்றாடப் பேச்சில் மிகுதியாக வழங்குவதும், தொடக்க நிலையிலேயே கற்க வேண்டிய ஒழுங்கற்ற வினைகளுள் ஒன்றுமாகும். 1980கள் முதல் சிசிலியின் பலெர்மோ நகரில் ஈழத்தமிழர் வாழ்ந்து வருவதால், தமிழ்வழி இதைக் கற்போரும் உண்டு. இதன் உறவுச்சொல் ஒன்று மட்டக்களப்பு வாவிக்கரையிலேயே வழங்குகிறது.

நிகழ்காலத்தில் இவ்வினைக்கு இரண்டு வேர்கள். வாதோ (போகிறேன்), வாய் (போகிறாய்), வா (போகிறான், போகிறாள்), வான்னோ (போகிறார்கள்) ஆகிய நான்கும் வாதேரே என்னும் இலத்தீன் வினையின் வழி வந்தவை. அந்தியாமோ (போகிறோம்), அந்தாத்தே (போகிறீர்கள்) ஆகிய இரண்டில் மட்டுமே மற்ற வேர் தெரியும். வினைமுற்றே எழுவாயைக் காட்டிவிடுவதால் 'நான்', 'நீ' என்று தனியே சொல்லத் தேவையில்லை. தமிழருக்கு இதைக் கற்பிக்கவே வேண்டியதில்லை. மாறாக, 'வா' என்ற ஒலி இடறும். அது ஏவலாகவும் வரும். அப்போது பொருள் 'போ'.

இறந்தகாலம் துணைவினையோடு அமையும். 'போனேன்' என்பதை ஆண் சோனோ அந்தாத்தோ என்றும், பெண் சோனோ அந்தாத்தா என்றும் சொல்ல வேண்டும். தமிழில் தன்மை வினைக்குப் பால் வேறுபாடு இல்லாததால் இங்கே பிழை எளிதில் நேரும்.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. 'சாப்பிடப் போகிறேன்' என்ற தமிழ்த் தொடர், எழுந்து செல்வதையும் சற்று நேரத்தில் சாப்பிட இருப்பதையும் குறிக்கும். வாதோ ஆ மன்ஜாரே என்பது இடம்பெயர்ந்து செல்வதையே குறிக்கும். எதிர்காலத்துக்கு மன்ஜெரோ என்னும் தனி வடிவம் உண்டு. விடைபெறும்போது மட்டக்களப்பில் 'போயிட்டு வாறன்' என்பார்கள். வெறுமனே 'போறன்' என்பது அமங்கலமாகப் படும். இத்தாலியர் அந்த வேளையில் வாதோ என்றே சொல்வர். அதில் குறையேதும் இல்லை.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட உறவுச்சொல்லுக்கு வருவோம். போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினர்; 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். ஆட்சி போன பின்னும் போர்த்துக்கேயரின் மொழி கிரியோலாக (கலப்பு மொழியாக) மாறி, மட்டக்களப்புப் பறங்கியரிடையே நிலைத்தது. அதில் 'போதல்' அந்தா எனப்படும். இத்தாலிய வினையைப் போல எழுவாய்க்கேற்ப அது மாறுவதில்லை. யார் போனாலும் வடிவம் ஒன்றே; பொதுவாக இக்கிரியோலில் வினைக்கு முன்னே தா சேர்ந்தால் நிகழ்காலம், ஜா சேர்ந்தால் இறந்தகாலம், லோ சேர்ந்தால் எதிர்காலம். வாக்கியத்தில் வினை தமிழைப் போலவே இறுதியில் நிற்கும். தமிழரோடு பல தலைமுறை சேர்ந்து வாழ்ந்ததன் விளைவு இது. மொழியியலாளர் இயன் சிமித் 1970களில் இக்கிரியோலை விரிவாக ஆராய்ந்தார்.