பாதரச மாசும் இடர் மதிப்பீடும்

ஆலைக் கழிவு, புகை, சுரங்க மண் ஆகியவற்றால் மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் எவ்வளவு கேடு வரக்கூடும் என்று கணிக்கும் முறையே மாசு இடர் மதிப்பீடு. ஒரு பொருள் என்ன தீங்கு செய்யும், எந்த அளவில் அத்தீங்கு தொடங்கும், மக்கள் உடலில் உண்மையில் எவ்வளவு சேர்கிறது என்று முதலில் அறிய வேண்டும். இடர் எவ்வளவு என்று சொல்வது அதன் பிறகே. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1983இல் இந்த நான்கு படிகளை வகுத்தது. யாரை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும். பாதரசத்தின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிசோ வேதி ஆலை 1932 முதல் பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. அது மெத்தில் பாதரசமாக மீன்களில் சேர்ந்தது. மனிதருக்கு முன்பே மீன் தின்ற பூனைகள் வலிப்பு கண்டு செத்தன. 1956 மே மாதம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலை மருத்துவர் ஹொசொகாவா, 1959இல் கழிவு கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்துச் சோதித்தார். அதற்கும் அதே நோய் வந்தது. முடிவை நிறுவனம் மறைத்தது. கழிவு நின்றது 1968இல்தான். தீங்கை அறிந்துகொள்வது இங்கே கடினமாக இருக்கவில்லை. அறிந்ததை ஒப்புக்கொள்ள மறுத்ததே உயிர்களைப் பலிவாங்கியது.

எவ்வளவு உண்டால் ஆபத்து என்பதை இன்னொரு பேரிடர் கற்பித்தது. 1971–72 குளிர்காலத்தில் ஈராக்கில் மெத்தில் பாதரசப் பூச்சுள்ள விதைக் கோதுமையை மக்கள் ரொட்டியாகச் சுட்டு உண்டனர். 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்; அவர்களில் 459 பேர் இறந்தனர். அறிகுறிகள் பல வாரங்கள் கழித்தே தோன்றியதால், அதற்குள் நஞ்சு உடலில் மிகுந்துவிட்டது. தாய்மார்களின் தலைமுடியில் இருந்த பாதரசத்தையும் குழந்தைகளின் வளர்ச்சியையும் ஒப்பிட்டு வரம்புகள் கணிக்கப்பட்டன.

பின்னர், திமிங்கில இறைச்சி உண்ணும் பரோ தீவுகளில் 1986–87இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசம் மிகுந்திருந்த குழந்தைகளிடம் ஏழு வயதில் மொழித்திறன், கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் குறைபாடு தெரிந்தது. தாய்மார்களுக்கோ எந்த நோயும் இல்லை. இத்தகைய தரவுகளிலிருந்து பெற்ற அளவை, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைக் கருதிப் பத்தால் வகுத்து, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001இல் ஒரு வரம்பை உறுதிசெய்தது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம்.

சமையலறையில் இந்த எண்ணின் பொருள் என்ன? 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 42 மைக்ரோகிராம்தான் வரம்பு. கிலோவுக்கு 1 மில்லிகிராம் மெத்தில் பாதரசம் கொண்ட சுறாவில் 42 கிராம் உண்டாலே அது நிரம்பிவிடும். சுறா இறைச்சியில் இந்த அளவு அரிதன்று. கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் மட்டும் கொண்ட மத்தியை இரண்டு கிலோ வரை உண்ணலாம். பெரிய மீன் சிறிய மீன்களைத் தின்று நஞ்சைத் தன்னுள் சேர்த்துக்கொள்வதே காரணம். பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கமுள்ள நம் கடலோரத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. கருவுற்ற பெண்கள் மீனை விட வேண்டியதில்லை. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களே போதும்.

மண்ணுக்கு வரம்பு வகுக்கும்போதும் யாருக்காக என்ற கேள்வியே முன்நிற்கிறது. கொடைக்கானலில் 1983 முதல் இயங்கிய வெப்பமானி ஆலை, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கிடங்கில் கண்டெடுக்கப்பட்டதும் 2001இல் மூடப்பட்டது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்று பின்னர் முடிவானபோது, அது தளர்வானது என்று சூழலியலாளர்கள் எதிர்த்தனர். ஆலையை அடுத்தே பாம்பார் சோலை இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் நீர் சமவெளிக்குப் போகிறது. மனிதர் குடியிருக்கும் நிலத்துக்கு ஏற்ற எண், சோலைக்கும் ஓடைக்கும் போதாது. அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது.