ஒரே பாட்டு, நான்கு குரல்கள்: மோட்டவுன் ஒதுக்கி வைத்த பாட்டின் கதை

ஒரு கம்பெனி தன் சரக்கிலேயே சிறந்ததை 'இது விற்காது' என்று மூலையில் போட்டு வைக்குமா? அமெரிக்காவின் மோட்டவுன் ரெக்கார்ட்ஸ் அப்படிச் செய்தது. அந்தச் சரக்கின் பெயர் 'ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்'. சோல் இசையின் மிகப் பெரிய ஹிட்களில் ஒன்று.

முதலில் மோட்டவுன் பற்றிக் கொஞ்சம். டெட்ராய்ட் நகரில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கார்டி என்ற கறுப்பின இளைஞர், குடும்பத்தின் சேமிப்பு நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி 1959-ல் தொடங்கிய நிறுவனம் அது. காரைப் போலவே பாட்டையும் வரிசையாகத் தயாரிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஒருவர் எழுதுவார், ஒருவர் தயாரிப்பார், ஒருவர் பாடுவார். கடைசியில் தரப் பரிசோதனைக் கூட்டம். கையில் கடைசியாக ஒரு டாலர்தான் இருக்கிறது, பசிக்கிறது. சாண்ட்விச் வாங்குவீர்களா, இந்த இசைத்தட்டை வாங்குவீர்களா என்று கூட்டத்தில் கார்டி கேட்பாராம். பதிலைப் பொறுத்துத்தான் பாட்டு வெளியே போகும்.

'கிரேப்வைன்' என்றால் திராட்சைக் கொடி. பேச்சு வழக்கில் காற்றுவாக்கில் வந்து சேரும் சேதி. காதலி தன்னை விட்டுப் போகப்போவதை அவள் வாயால் கேட்காமல் ஊரார் வாயால் கேட்டவனின் புலம்பல்தான் பாட்டு. 1966-ல் பாரெட் ஸ்ட்ராங்கும் நார்மன் விட்ஃபீல்டும் சேர்ந்து எழுதினார்கள். தயாரிப்பு விட்ஃபீல்ட்.

முதலில் பாடியது ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ் குழு, 1966-ல். அது அப்போது வெளிவரவில்லை. அடுத்து 1967-ன் தொடக்கத்தில் மார்வின் கே. அவர் வழக்கமாகப் பாடும் சுருதியைவிட உயர்த்திப் பாட வைத்தார் விட்ஃபீல்ட். எட்டாத இடத்தை எட்டிப் பிடிக்கும் அந்தக் குரலில் வலி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. எலெக்ட்ரிக் பியானோவும் டிரம்ஸும் மெல்ல மிரட்டும் தொடக்கமும் வயலின்களும் சேர்ந்து, பாட்டு முழுக்க ஒரு சந்தேகத்தின் நிழல்! கார்டிக்குப் பிடிக்கவில்லை. மார்வினின் அடுத்த சிங்கிளாக வேறு பாட்டைத் தேர்ந்தெடுத்தார்.

விட்ஃபீல்ட் விடவில்லை. அரீத்தா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' கலக்கிக்கொண்டிருந்த நேரம். அதற்குச் சவால் விடுவதுபோல் இதே பாட்டை வேகமாக்கி, கிளாடிஸ் நைட் அண்ட் த பிப்ஸ் குழுவிடம் கொடுத்தார். 1967 செப்டம்பரில் வெளிவந்தது. ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம், பில்போர்டின் பொதுப் பட்டியலில் இரண்டாமிடம்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1968-ல் மார்வினின் ஒரு ஆல்பத்தில் பத்தோடு பதினொன்றாக அவருடைய பழைய பதிவைச் சேர்த்தார்கள். ரேடியோ அறிவிப்பாளர்கள் மற்ற பாட்டுகளை விட்டுவிட்டு இதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். வேறு வழியில்லாமல் அக்டோபர் கடைசியில் அது சிங்கிளாக வந்தது. டிசம்பரில் முதலிடம் பிடித்து ஏழு வாரம் அங்கேயே இருந்தது. மோட்டவுனின் அதுவரையிலான மிகப் பெரிய ஹிட் அதுதான்.

ஒரே பாட்டு, ஒரே தயாரிப்பாளர், ஒரே கம்பெனி. ஓராண்டு இடைவெளியில் இரண்டு பெரிய ஹிட். பாடப் புத்தகத்தில் இதற்கு விளக்கம் கிடையாது. கிளாடிஸ் நைட்டின் பாட்டில் ஏமாந்தவள் கோபத்தோடு நியாயம் கேட்கிறாள். மார்வினின் பாட்டில் ஏமாந்தவன் உள்ளுக்குள் நொறுங்குகிறான். வரிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் கேட்பவனுக்குக் கிடைப்பது இரண்டு பாட்டு.

பிறகு யார்தான் பாடவில்லை! 1970-ல் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற ராக் குழு அதைப் பதினோரு நிமிடம் இழுத்துப் பாடியது. 1979-ல் லண்டனின் பெண்கள் பங்க் குழுவான ஸ்லிட்ஸ் அதை உடைத்துப்போட்டுப் பாடியது. 1981-ல் ரோஜர் டிரவுட்மேன் குரலை இயந்திரக் குரலாக்கிப் பாட, அது மறுபடி ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம்.

இத்தனை பேர் பாட முடிந்ததற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வெளிவந்துவிட்டால், நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டி யார் வேண்டுமானாலும் அதை மறுபடி பாடிப் பதிவு செய்யலாம். 1909-லிருந்து 1977 வரை அந்தக் கட்டணம் பிரதிக்கு 2 சென்ட். அந்தப் பணம் போவது பாட்டை எழுதியவர்களுக்கும் பதிப்புரிமை வைத்திருந்த ஜோபெட் கம்பெனிக்கும். ஜோபெட்டும் கார்டியுடையதுதான்! முதலில் பாடிப் புகழ் சேர்த்தவருக்கு அதில் ஒரு சென்ட் கூடக் கிடையாது.

விளம்பரங்களில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. 1985-ல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் ஒலித்தது மார்வினின் பதிவு அல்ல. அதேபோல் வேறொருவரை வைத்துப் புதிதாகப் பாட வைத்தது. 1986-ல் கலிஃபோர்னியா உலர்திராட்சை விளம்பரத்தில் களிமண் பொம்மைத் திராட்சைகள் ஆட, பாடியவர் படி மைல்ஸ். காதலன் கண்ணீர் கடைசியில் திராட்சை விற்கப் போனது. ஜீன்ஸ் விளம்பரம் கிளப்பிவிட்ட அலையில் மார்வினின் அசல் பதிவு மறுபடி வெளியாகி, 1986-ல் பிரிட்டனில் எட்டாமிடம் வரை ஏறியது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1984 ஏப்ரல் 1 அன்று தந்தையின் துப்பாக்கிக்கு பலியாகியிருந்தார்.

தரப் பரிசோதனை தேவைதான். கார்டியின் கணக்கு பல தடவை பலித்தும் இருக்கிறது. ஆனால் சாண்ட்விச்சா இசைத்தட்டா என்ற கேள்விக்கு, ஒரு அறைக்குள் உட்கார்ந்து ஊரே சொல்லவேண்டிய பதிலைச் சொல்ல முடியாது. மூலையில் கிடந்த பாட்டும் கடைசியில் தன் பெயருக்கு ஏற்றபடிதான் ஜெயித்தது... நாலு பேர் வாய் வழியாக!