மேகத்தின் கணக்கு யாருக்குச் சொந்தம்?

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் மழைமானி ஒன்று உண்டு. காலையில் அதனுள் தேங்கிய நீரை அளந்து பதிவேட்டில் குறிப்பது வெள்ளைக்காரத் துரைமார் காலந்தொட்டு நடந்துவரும் வழக்கம். தோட்டத்து அலுவலகத்தில் வேறெந்த ஏடு தவறினாலும் இரண்டு ஏடுகள் தவறுவதில்லை. ஒன்று செக்ரோல், மற்றது மழைப் பதிவேடு. முதல் ஏட்டிலே மனிதர் 'பேர்' என்று எண்ணப்பட்டனர். இரண்டாம் ஏட்டிலே வானம் அங்குலம் அங்குலமாக எண்ணப்பட்டது.

இவ்விரண்டு ஏடுகளுக்கும் உள்ள உறவைக் கொழுந்து பறிக்கும் பெண் நன்கறிவாள். வானம் பொய்த்தாலும் அளவுக்கு மீறிப் பொழிந்தாலும் கூடையின் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். வானத்தின் கணக்கு அவளுடைய அடுப்பின் கணக்காகவே இருந்தது. ஆயினும் அந்த மழைப் பதிவேட்டை அவள் ஒருநாளும் படித்ததில்லை. படித்துப் பார் என்று எவரும் அதை அவளிடம் நீட்டியதும் இல்லை.

இச்சிறு செய்தியிலிருந்து நாம் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இன்று வானத்தைக் கணக்கிடும் தொழில் புதியதோர் உருவம் எடுத்திருக்கிறது. மழையை அளந்தது போதாதென்று, நாளைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு வெயில் எந்த ஊரில் விழும், அதிலிருந்து எவ்வளவு மின்சாரம் பிறக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கிறார்கள். இதற்குச் சூரிய சக்தி எதிர்வுகூறல் என்று பெயர். இக்கணக்கைச் செய்யும் கணினி நிரல்களை உலகத்தார் அனைவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் தக்கவாறு பொதுவில் வைத்துப் பலர் கூடி உழைக்கிறார்கள். பூட்டிய பதிவேடு ஒரு காலத்து வழக்கம். திறந்த நிரல் இக்காலத்து முயற்சி. ஒன்றிலிருந்து மற்றதற்கு வந்த வழி யாது? அவ்வழியில் நமக்கு இடம் உண்டா? இவையே நம்முன் உள்ள வினாக்கள்.

வெயிலை அளக்க மனிதன் கண்ட கருவிகளுள் எளிமையானது ஒரு கண்ணாடி உருண்டை. 1853இல் ஜோன் பிரான்சிஸ் கேம்பல் என்பார் அதை அமைத்தார். 1879இல் ஜோர்ஜ் கேபிரியல் ஸ்டோக்ஸ் அதைத் திருத்தி, உருண்டையின் பின்னே ஓர் அட்டை செருகும் உலோகத் தாங்கியை இணைத்தார். சூரியன் பிரகாசிக்கும்போது உருண்டை ஒளியைக் குவித்து அட்டையைக் கருக்கும். மேகம் மறைத்தால் கருகல் நின்றுவிடும். மாலையில் அட்டையை எடுத்துக் கருகிய கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் நேரம் தெரிந்துவிடும். 1924இல் சுவீடன் தேசத்து ஆங்ஸ்ட்ரோம், வெயில் நேரத்திலிருந்து பூமிக்கு வந்து சேரும் கதிர்வீச்சின் அளவை மதிப்பிடும் சூத்திரம் ஒன்றைத் தந்தார். கருகிய அட்டை அன்றுமுதல் சக்தியின் கணக்கேடாயிற்று.

ஆனால் அட்டைகள் சிதறிக் கிடந்தால் பயன் என்ன? அவற்றைச் சேர்க்க வேண்டும். ஒரே அளவுகோலால் ஒப்பிட வேண்டும். பிறர் கைக்கு எட்ட வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்தில் இக்காரியத்தைச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண். அவர் பெயர் அன்னா மாணி. 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டிலே பிறந்தவர். பீர்மேடு நம் ஊரைப் போலவே மலையும் மூடுபனியும் தேயிலையும் உள்ள ஊர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர். சி. வி. இராமனிடம் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருடைய ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோரவில்லை. 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, அதுவரை கப்பலேறி வந்த கருவிகளை உள்நாட்டிலேயே செய்யும் பணியில் முன்னின்றார். 1957-58ஆம் ஆண்டுகளில் உலக நாடுகள் கூடி நடத்திய சர்வதேச பூகோள பௌதிக ஆண்டை ஒட்டி, இந்தியாவெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவினார். அந்த உழைப்பின் பலனாகக் கதிர்வீச்சுத் தரவுகளின் கைந்நூல் 1980இலும், இந்தியாவின் மீதான சூரியக் கதிர்வீச்சு பற்றிய நூல் 1981இலும் வெளிவந்தன. பின்னாளில் சூரிய மின்நிலையம் அமைக்க முனைந்த பொறியியலாளர்களுக்கு அவை ஆதார நூல்களாயின.

அந்தச் சர்வதேச ஆண்டு நமக்கு வேறொரு பாடத்தையும் விட்டுச் சென்றது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பகைத்து நின்ற காலம் அது. அந்நாளிலும் இரு தரப்பாரும் அளந்தவற்றை உலகத் தரவு மையங்களில் வைத்து எல்லா நாட்டு விஞ்ஞானிகளுக்கும் பொதுவாக்க இசைந்தனர். மேகத்துக்குக் கடவுச்சீட்டு இல்லை. ஆகவே மேகத்தை அறிய விரும்புவோர் வேலியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இவ்வுண்மையைப் பகைவர்களும் ஏற்றுக்கொண்டனர்.

இனி நமது மலைக்கு வருவோம். இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதை 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர ஓர் ஆய்வுரையில் எடுத்துக்காட்டினார். அவர் கனவு நனவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 1950இல்தான் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ அணையும், 1969இல் மவுசாகலை அணையும் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. வரட்சிக் காலத்தில் நீர் வற்றினால் அந்த ஊரின் கோயில் இன்றும் வெளியே தலைகாட்டுகிறது. மலையின் நீர் கொழும்பின் விளக்காயிற்று. ஆனால் அந்நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த லயங்கள் பலவற்றில் குப்பி விளக்கே நெடுங்காலம் எரிந்தது.

இப்போது நீரோடு வெயிலும் சேர்ந்திருக்கிறது. 2016இல் அரசாங்கம் கூரைச் சூரிய மின்தகடுகளை ஊக்குவிக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. நாடெங்கும் கூரைகள் மின்னத் தலைப்பட்டன. ஆனால் மின்வலையமைப்பு ஒரு தராசு போன்றது. பாவிக்கும் அளவும் பிறக்கும் அளவும் கணந்தோறும் ஒத்திருக்க வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதைத் தொடர்ந்து நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. மின்பாவனை குறைந்த அந்த விடுமுறை வேளையில் சூரிய மின்சாரம் மிகுந்திருந்தமையால், அதிர்ச்சியைத் தாங்கும் வலு வலையமைப்பில் குன்றியிருந்தது என்று மின்சார சபை விளக்கியது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாட்களில், கூரைத் தகடுகளைப் பகல் வேளையில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளரிடம் கோரப்பட்டது. எரிபொருளுக்காக அந்நியச் செலாவணியைக் கொட்டும் நாடு, இலவசமாகப் பெய்யும் வெயிலை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது.

வெயிலின் வரவை முன்னரே சரியாக அறிவது இந்நிலையை முற்றாக மாற்றிவிடாது. மின்கலச் சேமிப்பும் வலையமைப்பின் சீரமைப்பும் வேண்டும். எனினும் எதிர்வுகூறலே முதற்படி. நாளை வெயில் காயும் என்றால் லக்சபானத் தொடரின் நீரைத் தேக்கி வைத்து மாலையில் திறக்கலாம். மேகம் கவியும் என்றால் வேறு மின்நிலையங்களை ஆயத்தம் செய்யலாம். வெயிலின் கணக்கு தவறினால் நீரின் கணக்கும் தவறும். நமது நீர்த்தேக்கங்களின் மட்டம் தென்கரையில் விழும் வெயிலோடு இவ்வாறு பிணைக்கப்பட்டுவிட்டது.

எதிர்வுகூறல் எவ்வாறு நடைபெறுகிறது? சூரியன் எந்த நாளில் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பதைக் கணிதம் பிழையின்றிச் சொல்லிவிடும். மேகமற்ற வானில் எவ்வளவு கதிர் விழும் என்பதையும் ஏறத்தாழச் சொல்லலாம். இடர் செய்வது மேகம் ஒன்றே. அதை அறியச் செய்மதிப் படங்களும் வானிலை மாதிரிகளும் பழைய மின்னுற்பத்திப் பதிவுகளும் வேண்டும். இங்கேதான் மலைநாட்டின் சிக்கல் தோன்றுகிறது. உலக வானிலையின் கடந்தகாலத்தை மீளமைத்துத் தரும் ஈரா5 என்னும் புகழ்பெற்ற தரவுத் தொகுதி பூமியைச் சுமார் 31 கிலோமீற்றர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரிக்கிறது. அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே நேர்கோட்டில் அவ்வளவு தூரம் இல்லை! தென்மேற்குப் பருவக்காற்றில் வட்டவளையில் மழை கொட்டும். மலை முதுகைத் தாண்டினால் ஊவாவின் சரிவில் வெயில் காயும். இத்தனை வேறுபாட்டையும் ஓரிரு கட்டங்களுக்குள் அடக்கிவிட்டு, அதற்கு ஒரே எண்ணைக் கொடுத்தால் அது எந்த ஊரின் உண்மை?

இத்தகைய குறைகளைக் களைவதற்கே திறந்த நிரல்கள் பயன்படுகின்றன. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தபோது, மென்பொருளைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் பாவிப்போருக்கு உரிமை வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தார். சூரிய சக்தித் துறையில் அக்கொள்கை விளைந்த வயல்களில் ஒன்று பிவிலிப். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தில் மாட்லாப் மொழியில் பிறந்து, பின்னர் பைதன் மொழிக்கு மாற்றப்பட்டுப் பல நாட்டு ஆராய்ச்சியாளர் கைகளில் வளர்ந்த நிரல்தொகுதி அது. சூரியனின் நிலை, தெளிந்த வானின் கதிர்வீச்சு, தகட்டின் வெப்பம், அதிலிருந்து பிறக்கும் மின்சாரம் ஆகிய யாவற்றையும் அது கணிக்கும். 2019இல் ஐக்கிய இராச்சியத்தில் ஜாக் கெல்லியும் டான் ட்ராவர்ஸும் தொடங்கிய 'ஓப்பன் கிளைமேட் ஃபிக்ஸ்' என்ற இலாப நோக்கற்ற நிறுவனம், செய்மதிப் படங்களைக் கொண்டு அடுத்த சில மணி நேர வெயிலைக் கணிக்கும் நிரல்களைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்நாட்டின் மின்வலையமைப்பை இயக்குவோர் அதன் கணிப்பைப் பயன்படுத்துகின்றனர். இந்தியாவின் இராஜஸ்தானுக்கும் அம்முயற்சி விரிந்துள்ளது.

இவையெல்லாம் மேனாட்டார் செய்வன. நம்மால் ஆகுமா என்று ஐயுறுவோர் 2004ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இத்தீவை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் கணக்கிட இலங்கைக் கணினியியலாளர் தொண்டர்களாகக் கூடிச் 'சஹானா' என்ற திறந்த மென்பொருளை எழுதினர். அடுத்த ஆண்டு பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டியின் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் யாவரும் இலவசமாகப் படிக்க வழிசெய்தது. பொதுவில் வைத்து உழைப்பது நமக்கு அந்நியமான பண்பன்று.

ஆனால் ஒரு கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. ஊதியமின்றி உழை என்று மலையக மக்களிடம் சொல்வதற்கு எவருக்கும் வாய் கூச வேண்டும். இருநூறு ஆண்டுகளாக உழைப்பைக் கொடுத்துவிட்டு, 1948இல் குடியுரிமையையும் இழந்த சமுதாயம் இது. தன்னார்வத் தொண்டர் எழுதிய நிரலை ஒரு பெருநிறுவனம் எடுத்து இலாபம் பார்க்கலாகாதா? பார்க்கலாம். க்னூ பொது உரிமம், திருத்திய நிரலை வெளியிடுவோர் அத்திருத்தத்தையும் திறந்தே தர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. பிவிலிப் கொண்டுள்ள பீஎஸ்டி உரிமம் அவ்வாறு கட்டாயப்படுத்துவதில்லை. எனவே திறந்தது எல்லாம் நீதியானது என்று நாம் மயங்க வேண்டியதில்லை. ஆயினும் பூட்டிய ஏட்டுக்கும் திறந்த ஏட்டுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. திறந்த ஏட்டை எவர் எடுத்தாலும் அது நம் கையைவிட்டுப் போவதில்லை. அதில் நம் ஊரின் கணக்கு பிழையாக இருந்தால் 'இது பிழை' என்று ஆதாரத்தோடு எழுதும் உரிமை நமக்கு இருக்கிறது. மழைப் பதிவேட்டின்மீது அப்பெண்ணுக்கு அந்த உரிமை இருக்கவில்லை.

வேறொரு வினாவும் எழும். சொந்தக் காணியும் வீடும் இல்லாதவனுக்கு வெயிலின் எதிர்வுகூறல் எதற்கு? 2025 நவம்பரில் தித்வா புயல் மலையகத்தில் செய்த அழிவைக் கண்ட பின்பும் இவ்வினாவை அப்படியே கேட்க முடியுமா? மண்சரிவு முதலில் பதம் பார்ப்பது சரிவில் நிற்கும் லயத்தைத்தான். மேகத்தை நுணுக்கமாக அறியும் அறிவு, வெயிலுக்கு ஒன்றும் மழைக்கு ஒன்றுமாக இரண்டில்லை. காணியும் வீடும் கேட்டுப் போராடும் கையே இவ்வறிவையும் கேட்டுப் பெற வேண்டும்.

நாம் கற்பிக்கும் வகுப்பில் ஒருநாள் மூடுபனியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. பள்ளத்தாக்கில் படுத்திருக்கும் பனி எப்போது விலகும் என்று கேட்டோம். நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, தை மாதத்தில் ஒன்பது மணிக்கு முன்னமே விலகிவிடும் என்றும், ஆடியில் சில நாள் விலகவே விலகாது என்றும் கூறினாள். யார் சொன்னது என்றோம். "அம்மா மலைக்குப் போறவங்க, சேர்" என்றாள். ஈராயிரம் ரூபாய்க் கருவியும் இல்லாமல் ஒரு தாய் பல்லாண்டு கண்டு தொகுத்த அவதானிப்பு அது. 31 கிலோமீற்றர்க் கட்டத்துக்குள் காணப்படாத உண்மை அது.

அதை ஏட்டில் ஏற்றுவது பெரும் செலவுள்ள காரியமன்று. ஒவ்வொரு பாடசாலையும் குறித்த நேரங்களில் வானைப் பார்த்து, வெயில், மேகம், பனி என்று தேதியிட்டு எழுதலாம். கூரையில் சூரியத் தகடு உள்ள இடங்களில் மின்னுற்பத்தியைக் குறித்து, உரியோர் இசைவுடன் பொதுவில் வைக்கலாம். திறந்த நிரலை இயக்கிப் பார்த்து, அதன் கணிப்பையும் கண்ணால் கண்டதையும் ஒப்பிட்டுப் பிழையை அறிவிக்கலாம். அதன் விளக்கவுரைகளைத் தமிழில் எழுதலாம். நிரல் எழுதத் தெரிந்த மாணவர் திருத்தத்தையே அனுப்பலாம். ஒவ்வொரு திருத்தத்தின் அருகிலும் அதைச் செய்தவரின் பெயர் நிற்கும் என்பது இத்திட்டங்களின் மரபு. செக்ரோலில் பாட்டியின் பெயர் கூலிக்காக எழுதப்பட்டது. பேத்தியின் பெயர் அறிவுக்காக எழுதப்படட்டும்.

நுவரெலியா என்ற சொல்லுக்கு ஒளி நகரம் என்று பொருள் கூறுவோர் உண்டு. அந்த ஒளியை அளக்கும் ஏட்டை இனி எவரும் பங்களாவுக்குள் பூட்டி வைக்காதபடி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. வரும் தவணையில் நமது பாடசாலையிலிருந்தே தொடங்குவோம். ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும்.