திமிரியும் பாரியும்: மதுரை வட்டார நாகசுர மரபில் கருவி நீளத் தெரிவு

ஆய்வுச் சுருக்கம்

நாகசுரம் ஒரே அமைப்புடைய கருவியாயினும் நீளத்தாலும் சுருதியாலும் திமிரி, இடைபாரி, பாரி என வேறுபடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் பெரிய மேளக் கலைஞர்கள் குறுகிய திமிரியைக் கைவிட்டு நீண்ட பாரியைத் தேர்ந்தனர். இம்மாற்றம் கருவியின் ‘வளர்ச்சி’ என்றே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் களமாகக் கொள்ளும் இக்கட்டுரை, கருவி நீளத் தெரிவு என்பது வாசிக்கும் இடம், கேட்போர், கலைஞரின் சமூக மதிப்பு ஆகியவற்றைப் பொறுத்த முடிவு என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நாகசுரம், திமிரி, பாரி, கட்டை, சீவாளி, பெரிய மேளம், நையாண்டி மேளம், மதுரை

முன்னுரை

தமிழிசை வரலாற்று நூல்கள் பண், இராகம், தாளம், கலைஞர் வாழ்க்கை ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. கருவியின் அளவு குறித்த பேச்சு அவற்றில் மிகக் குறைவு. ஆயினும் அளவை வரையறுத்துக் கூறும் மரபு தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், குழலின் நீளம் இருபது விரல் என்றும் சுற்றளவு நாலரை விரல் என்றும் குறிக்கிறார். குழல் செய்தற்குரிய மர வகைகளையும் எடுத்துரைக்கிறார். உரையாசிரியர் ஒருவர் இவ்வளவு நுணுக்கம் காட்டிய மொழியில், நம் காலத்திலேயே நிகழ்ந்த நாகசுர அளவு மாற்றம் உரிய அளவுகளோடு பதிவு பெறாதிருப்பது ஆய்வுலகின் குறையேயாகும். அக்குறையை உணர்த்துவதும், மாற்றத்தின் காரணங்களை வகைப்படுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

கருவி அமைப்பும் வகைகளும்

நாகசுரத்தின் உடற்பகுதி உலவு எனப்படும். அது மேலே குறுகிக் கீழே விரிந்து செல்லும் கூம்பு வடிவ உட்துளை உடையது. உலவின் அடியில் விரிந்த அணசு பொருந்தும்; மேல் முனையில் உலோகக் கெண்டையும் அதன்மேல் நாணல் சீவாளியும் அமையும். விரல் வைத்து வாசிப்பதற்கு ஏழு துளைகள் உண்டு. அவற்றிற்குக் கீழே உள்ள ஐந்து துளைகள் சுருதியைச் செம்மை செய்வதற்குரியவை. இவற்றைத் தேவைக்கேற்ப மெழுகால் அடைப்பர். உலவுக்கு ஆச்சா மரமே சிறந்தது என்பது கருவி செய்வோர் துணிபு. பழைய வீடுகளில் பல்லாண்டு உத்திரமாகவும் தூணாகவும் நின்று ஈரம் வற்றிய மரத்தையே அவர்கள் நாடுவர்.

திமிரி குறுகியது, நான்கு, ஐந்து கட்டை அளவிலான உயர்ந்த சுருதி உடையது. பாரி மூன்றடியை நெருங்கும் நீளமுடையது. இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஒலிப்பது. இவற்றிற்கு இடைப்பட்டது இடைபாரி. இம்மூன்றும் தனித்தனி இனங்கள் அல்ல. ஒரே வடிவின் அளவு வேறுபாடுகளே. ஆகவே கலைஞரின் தெரிவு பெரும்பாலும் ஒன்றோடொன்று நெருங்கிய அளவுகளுக்கு இடையிலேயே நிகழ்கிறது.

நீளமும் சுருதியும்

துளை விகிதமும் கூம்பின் சரிவும் மாறாதிருப்பின், ஒலியின் அதிர்வெண் குழலின் நீளத்திற்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். இரண்டு கட்டைக்கும் இரண்டரைக் கட்டைக்கும் இடையே உள்ளது ஒரு அரைச்சுரம்; அதிர்வெண்ணில் அது ஏறத்தாழ 6 விழுக்காடு. 34 அங்குல நீளமுள்ள இரண்டு கட்டைக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டால், அதனை அரைக்கட்டை உயர்த்துவதற்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும். இரண்டு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்குச் செல்வது நான்கிற்கு மூன்று என்னும் விகிதம். அதற்கு நீளம் இருபத்தைந்தரை அங்குலமாகச் சுருங்க வேண்டும். இவை கணக்கீட்டு மதிப்புகளே. கருவி செய்வோர் கூம்பின் சரிவையும் துளையின் இடத்தையும் சேர்த்தே மாற்றுவதால் நடைமுறை அளவு சற்று வேறுபடும்.

இதனை டிராம்போன் என்னும் மேலைப் பித்தளைக் கருவியோடு ஒப்பிடுவது பயன் தரும். அதன் குழலை ஏழு நிலைகளில் நீட்டிச் சுருக்கலாம். நிலைக்கு ஓர் அரைச்சுரம் மாறும். நீண்டு சுருங்கும் பகுதி ஒரே விட்டமுடைய உருளையாக இருந்தால்தான் இது இயலும். கூம்புத் துளை கொண்ட நாகசுரத்தில் அதற்கு வழியில்லை. எனவே டிராம்போன் கலைஞர் வாசிக்கும்போது நீளத்தை மாற்றுகிறார். நாகசுரக் கலைஞரோ கருவியை வாங்கும் நாளிலேயே நீளத்தை முடிவு செய்துவிடுகிறார். அதன்பின் அவர் கையில் எஞ்சுபவை சீவாளியை ஏற்றி இறக்குதல், மெழுகிடுதல், மூச்சின் அழுத்தம், உதட்டின் பிடி ஆகியவையே. இவை நுண்ணிய திருத்தத்திற்குப் போதுமானவை. திமிரியைப் பாரியாக்கப் போதுமானவை அல்ல. நாகசுரத்தில் நீளத் தெரிவு இவ்வளவு கனமான முடிவாக இருப்பதன் காரணம் இதுவே.

நாகசுரம் பெரும்பாலும் இணையாக வாசிக்கப்படுவது இம்முடிவை மேலும் அருமையாக்குகிறது. 34 அங்குலக் கருவிகள் இரண்டினிடையே பயனுறு நீளத்தில் அரை அங்குல வேறுபாடு இருப்பின், அதிர்வெண் ஒன்றரை விழுக்காட்டளவு விலகும். 300 அதிர்வெண் அளவில் அது வினாடிக்கு நான்கிற்கு மேற்பட்ட விம்மல்களாகக் காதில் விழும். ஒத்திசைந்த இணையைப் பெறுவதற்கு ஒரே கைவினைஞரிடம், ஒரே மரத்தில், ஒரே காலத்தில் கருவிகளைச் செய்வித்துக்கொள்வது ஆதலால் பொருளுடையதாகிறது.

மதுரையின் ஒலிக்களங்கள்

மதுரை, கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் அடுக்கடுக்காகச் சூழ்ந்த நகரம். மீனாட்சியம்மன் கோயிலில் நாகசுரத்திற்கு மூன்று களங்கள் உண்டு: கருங்கல் மண்டபங்களில் நிகழும் காலப் பூசை, வீதியுலா, விழாக்கால மேடை. வீதியுலாவில் மேளம் சுவாமிக்கு முன்னே நடந்து செல்லும். திறந்த வெளி, தவிலின் முழக்கம், மக்கள் இரைச்சல் ஆகியவற்றை ஊடுருவிச் செல்ல உயர்ந்த சுருதி ஏற்றது. நடந்துகொண்டே வாசிப்பவருக்குக் குறுகிய கருவி தாங்குவதற்கும் எளிது. சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதிகளைச் சுற்றிவரும்போது, சுவாமி எத்திருப்பத்தில் வருகிறார் என்பதை அடுத்த வீதியில் நிற்போருக்கு முதலில் அறிவிப்பது மேள ஓசையே. ஒலிபெருக்கி வருவதற்கு முற்பட்ட காலத்தில் திமிரி இவ்வறிவிப்புப் பணிக்குப் பொருத்தமான கருவியாக விளங்கியது.

நகருக்கு வெளியே வைகைச் சமவெளி ஊர்களில் வேறொரு மரபு வழங்குகிறது. கரகாட்டத்திற்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் ஆகியவை இடம்பெறும். இங்கு நாகசுரம் ஆட்டக்காரரின் காலடிக்கும் பேச்சுக்கும் உடனுக்குடன் விடை சொல்ல வேண்டும். விரைந்த, குறுகிய சொற்கட்டுகளே அதன் உயிர். விரல் துளைகள் நெருங்கியிருக்கும் குறுகிய கருவி இதற்கு இயல்பாகப் பொருந்துகிறது. பெரிய மேளம் பாரிக்கு மாறிய பின்னரும் நையாண்டி மேளம் உயர்ந்த சுருதியைக் கைவிடாததற்குக் காரணம் அறியாமையோ வறுமையோ அன்று. ஆட்டத்தின் தேவையே எனக் கொள்வது தகும்.

பாரியின் எழுச்சி

பாரியின் செல்வாக்கைத் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயரிலிருந்து பிரிக்க இயலாது. நரசிங்கன்பேட்டைக் கைவினைஞர் அரங்கநாத ஆசாரி அவருக்காகச் செய்தளித்த பாரி நாகசுரம், சுருதியைத் தாழ்த்தியதோடு சுத்த மத்திமத்தையும் இயல்பாக ஒலிக்கச் செய்தது. முந்தைய கருவிகளில் சுத்த மத்திமத்தைக் கலைஞர் மூச்சாலும் உதட்டாலும் வரவழைக்க வேண்டியிருந்தது. இங்கு மாறியது நீளம் மட்டுமன்று. துளைகளின் இடமும் உடன் மாறியது என்பதைக் கருத வேண்டும்.

இம்மாற்றத்திற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, இசை பற்றியது. நீண்ட இராக ஆலாபனையில் ஆண் குரலின் சுருதியை நெருங்கிய தாழ்ந்த நாதம் கார்வைகளுக்கு இடமளித்தது. இரண்டாவது, கருவித் தொழில்நுட்பம். ஒலிவாங்கி, இசைத்தட்டு, வானொலி ஆகியவை வந்தபின் தொலைவிற்குக் கேட்கச் செய்வது கருவியின் கடமையாக இல்லாமற் போயிற்று. ஊடுருவும் ஒலி ஒலிவாங்கியின் முன் மிகையாகவும் தோன்றியது. மூன்றாவது, சமூக மதிப்பு. நாகசுரக் கலைஞர் நின்றும் நடந்தும், மேலாடையின்றியும் வாசிக்க வேண்டும் என்னும் வழக்கத்தை மீறி, மேடையில் அமர்ந்து, சட்டை அணிந்து, ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவை வைத்து வாசித்தவர் இராசரத்தினம். அவர் வாழ்வைச் சாதிப் போட்டியின் பின்புலத்தில் ஆராய்ந்த யோசிடாகா டெராடா, இச்செயல்களைத் தன்மதிப்புக்கான போராட்டத்தின் கூறுகளாகக் காண்கிறார். அந்நோக்கில் பாரியைப் பார்த்தால், வாய்ப்பாட்டுக் கலைஞருக்கு இணையான இருக்கையைக் கோரியவர் அவர்தம் சுருதிக்கு நெருங்கிய கருவியையும் தேர்ந்தார் என்பது புலனாகும்.

மதுரையில் மாற்றத்தின் தடம்

மதுரை நாகசுர மரபு கருவியோடு கோட்பாட்டையும் சிந்தித்த மரபு. மீனாட்சியம்மன் கோயில் நாகசுரக் கலைஞரான மதுரை பொன்னுசாமிப் பிள்ளையின் ‘பூர்வீக சங்கீத உண்மை’ 1930இல் வெளிவந்தது. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களுள் விவாதி மேளங்கள் நாற்பதையும் விலக்கி, முப்பத்திரண்டே ஏற்புடையவை என வாதிட்ட நூல் அது. அதன் முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு. இசை இலக்கணத்தைத் தீர்மானிக்கும் உரிமை ஏட்டறிஞர்க்கு மட்டும் உரியதன்று, கருவியை வாயில் வைத்திருப்பவர்க்கும் உண்டு என்னும் குரல் அதில் ஒலிக்கிறது.

அவர்தம் பெயரன்மாராகிய எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் இணை வாசிப்பு, 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைப்படத்தின் வழியே தமிழ்நாடெங்கும் பரவியது. அதற்கு முன்பே 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில், இராசரத்தினத்தின் மாணவர் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலித்திருந்தது. கோயிலுக்கோ மணவீட்டிற்கோ செல்லாதவரும் திரையரங்கில் நாகசுரத்தைக் கேட்டனர். மேடையும் இசைத்தட்டும் திரையும் சேர்ந்து, ‘நாகசுர ஒலி என்றால் இது’ என்னும் ஒரு செவி வழக்கத்தை உருவாக்கின. மண வீட்டாரும் அவ்வொலியையே எதிர்பார்க்கும் நிலையில், கலைஞரின் தெரிவு அவருடைய தனி விருப்பமாக மட்டும் இருக்க முடியாது.

பெற்றதும் இழந்ததும்

பாரியால் பெரிய மேளம் பெற்றவை பல. இழப்புகளையும் கணக்கில் கொள்ளுதல் ஆய்வாளர் கடமை. துளைகளின் இடைவெளி கூடியதால் விரல் அகலம் குறைந்தோர்க்கும் இளம் மாணவர்க்கும் கருவி கடினமாயிற்று. வீதியில் பாரி தன்னந்தனியே தொலைவை எட்டுவது அரிது. ஒலிபெருக்கியைச் சார்ந்தே நிற்க வேண்டியதாயிற்று. திமிரிக்குரிய விரைவு நடைகளும் அதற்கேற்ற சீவாளிச் செய்நேர்த்தியும் பெரிய மேளத்திலிருந்து விலகின. அனைத்திற்கும் மேலாக, உயர்ந்த சுருதி ‘நாட்டுப்புறத்தது’ என்றும் தாழ்ந்த சுருதி ‘செவ்வியது’ என்றும் ஒரு மதிப்பீடு படிந்தது. நீளம் இங்கே சமூகப் படிநிலையின் குறியாக மாறியது. தன்மதிப்புக்காகத் தேர்ந்த கருவியே பிறிதொரு கலைஞர் குழுவைத் தாழ்த்தும் அளவுகோலாகப் பயன்பட்டது இவ்வரலாற்றின் முரண்.

இத்தகைய போக்கு நாகசுரத்திற்கு மட்டும் உரியதன்று. பிரித்தானிய இசைக்குழுக்கள் 1950களை ஒட்டித் தம் குறுகிய துளை டிராம்போன்களைக் கைவிட்டு, அமெரிக்கப் பாணியிலான அகன்ற துளைக் கருவிகளுக்கு மாறின. துளை விட்டத்தின் வேறுபாடு அங்குலத்தில் சிறு பகுதியே. ஆனால் குழுவின் ஒட்டுமொத்த ஒலியே மாறியது. பின்னாளில் பழைய இசையை அதற்குரிய ஒலியில் கேட்க விரும்பியோர் குறுந்துளைக் கருவிகளைத் தேடிச் சென்றனர். அவர்களுக்கு அருங்காட்சியகக் கருவிகளும் அளவுப் பதிவுகளும் உதவின. நமக்கு அத்தகைய பதிவு உள்ளதா என்பதே இங்கு எழும் வினா.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் மூன்று. நாகசுரத்தில் நீளத்தை வாசிக்கும்போது மாற்ற இயலாமையால், அளவுத் தெரிவு கலைஞரின் இசை வாழ்வு முழுவதையும் கட்டுப்படுத்தும் முடிவாகிறது. திமிரியிலிருந்து பாரிக்கு நிகழ்ந்த மாற்றம், வீதியிலிருந்து மேடைக்கும் ஒலிவாங்கிக்கும் நிகழ்ந்த இடப்பெயர்ச்சியோடும் தன்மதிப்புக் கோரிக்கையோடும் பிணைந்தது. நையாண்டி மேளத்தில் நிலைக்கும் குறுகிய நாகசுரம், பழைமையின் எச்சமாகவன்றித் தன் களத்திற்கேற்ற தெரிவாகக் கருதப்பட வேண்டும்.

நரசிங்கன்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு கைவினைக்குப் பெயரளிக்கும். அளவுகளைக் காக்க வேண்டியவர் ஆய்வாளரே. மதுரை வட்டாரத்தில் கோயில்களிலும் கலைஞர் இல்லங்களிலும் எஞ்சியுள்ள திமிரி, இடைபாரிக் கருவிகளின் மொத்த நீளம், மேல் கீழ்த் துளை விட்டங்கள், துளை இடைவெளிகள், சுருதி, சீவாளி அளவு ஆகியவற்றை அளந்து பட்டியலிடும் பணி உடனடித் தேவை. அரசு இசைக் கல்லூரியும் மாவட்ட இசைப்பள்ளிகளும் அதனை மாணவர் களப்பணியாக மேற்கொள்ளலாம். ஓர் அளவுகோலும் ஒரு சுருதிப்பெட்டியும் அதற்குப் போதும். வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் உடனிருந்தால் அப்பட்டியல் ஒலியும் பெறும்.