ஜன்னலோரம் ஆற்றிய கடல்

1846-ல் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரைக்குப் போயிருந்த அன்னா தின் என்ற பெண்மணி, பாறையில் ஒட்டியிருந்த கல்பவளங்களைப் பார்த்துச் சொக்கிப் போனார். லண்டன் வீட்டுக்கு உயிரோடு கொண்டுபோக ஆசை. வழியில் ஒன்றோடொன்று மோதி அடிபடக் கூடாதே என்று ஊசியும் நூலும் எடுத்து, ஒரு பெரிய கடற்பஞ்சில் அவற்றைத் தைத்து, கடல்நீர் ஜாடிக்குள் இறக்கினார். வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வந்த கதையை நான் அந்தத் தையலிலிருந்துதான் சொல்வேன்.

லண்டனில் கடல் ஏது? கரையிலிருந்து தண்ணீர் தருவித்து மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு சமயம் அதற்குத் தட்டுப்பாடு வந்தது. இருந்த பழைய நீரையே திறந்த ஜன்னலோரம் வைத்து, பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றச் செய்தார். நாம் டீ ஆற்றுகிறோமே, அதே மாதிரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் அரைமணி, முக்கால்மணி நேரம்! ஆற்றியவள் வீட்டு வேலைக்கு இருந்த சிறுபெண். காற்று கலந்தது, பவளம் பிழைத்தது. அடுத்த வருஷம் கடற்பாசியும் சேர்ந்தது. 1854-ல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய புத்தகம் ‘அக்வேரியம்’ என்ற பெயரை ஊரெங்கும் பரப்பியது. புகழும் அவருக்கே போனது. தொட்டி மூலையில் குமிழ் விடும் மோட்டாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுபெண்ணின் கைகள்தான் நினைவுக்கு வரும்.

பவளத்திட்டுச் சிறுமீன்களுக்குக் காற்று மட்டும் போதாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அடைத்த தொட்டியில் அது நஞ்சு. பவளக்கல்லை வெள்ளைவெளேரென்று வெளுத்து வைத்த சுத்தமான தொட்டிகளில் அந்த நஞ்சைத் தின்ன ஆளில்லை.

1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து எடுத்த கல்லை அவர் வெளுக்கவில்லை. புழு, பாசி, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா என்று அப்பியிருந்த கல்லை அப்படியே தொட்டியில் இறக்கி, காற்றுக் குமிழ் விட்டார். கல்லில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொன்று அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். அழுக்கு என்று நாம் தேய்த்துக் கழுவியதுதான் மீனுக்குக் காவல்.

நம் நாட்டில் பவளத்தை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எடுக்கவும் கூடாது, மன்னார் வளைகுடா இழந்தது போதும். துளைகள் நிறைந்த பீங்கான் கல்லிலும் அதே பாக்டீரியா குடியேறும். கொஞ்சம் காலம் பிடிக்கும், அவ்வளவுதான். மீனையும் கடலில் பிடிக்க வேண்டியதில்லை. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள்.

முதல் மாதம் தொட்டியில் வெறும் கல்லும் உப்புநீரும்தான். கல்லின்மேல் பழுப்பாக ஒரு படலம் ஏறும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மீன். அதுவும் சிறியதாய், சண்டை போடாததாய். அடிவாங்கும் மீனுக்குத் தொட்டியை விட்டு ஓட இடமில்லையே. கோபி மீன் ஒன்றை விட்டுப் பாருங்கள். முதல் நாள் கல்லுக்கடியில் பதுங்கிவிடும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலையை மட்டும் நீட்டி, கண்ணாடிக்கு வெளியே நிற்கும் உங்களைப் பார்க்கும்.