தூணில் நிற்கும் மன்னர்கள்: பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீமுஷ்ணம் திருக்கோயில்

பூவராகப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் ராஜகோபுரத்தைக் கடந்ததும் நேரே சன்னதிக்கு நடந்துவிடுகிறார்கள். வழியில் பதினாறு கால் மண்டபத்தில் சற்று நின்று தூண்களைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் விண்ணப்பம். தெய்வ உருவங்களுக்கு நடுவே அங்கே மனிதர்களும் நிற்கிறார்கள். நாயக்க மன்னர்கள். தஞ்சை அச்சுதப்ப நாயக்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். திருப்பணிக்குப் பொன்னும் நிலமும் கொடுத்தவர்கள். ஆனாலும் சேவார்த்திகள் நிற்கிற இடத்தில், அவர்களைப் போலவே கைகூப்பி நிற்கிறார்கள்.

இந்த மலருக்காகக் கோயிலின் பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது, அதே காலத்து லண்டன் அரண்மனை மண்டபம் ஒன்று திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. காரணம் இருக்கிறது. பிற்காலத்தில் நம் கோயில்களின் கணக்கு வழக்குகளில் கைவைத்த ஆட்சி, அன்றைய லண்டனிலிருந்துதான் கப்பலேறி வந்தது.

1603-ல் எலிசபெத் ராணி வாரிசின்றி இறந்ததும், ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். ஸ்டூவர்ட் வம்சம் லண்டனில் தொடங்கியது அப்படித்தான். அரசன் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவன், குடிகள் அவனைக் கேள்வி கேட்க முடியாது என்பது ஜேம்ஸின் கொள்கை. அதை நூலாகவும் எழுதினார், பாராளுமன்றத்திலும் பேசினார். அவர் காலத்தில் வைட்ஹால் அரண்மனையில் விருந்து மண்டபம் ஒன்று எழுந்தது. அவருக்குப் பின் 1625-ல் பட்டமேறிய மகன் முதலாம் சார்லஸ், ரூபென்ஸ் என்ற பெரும் ஓவியரைக் கொண்டு அதன் விதானத்துக்கு ஓவியங்கள் தீட்டச் செய்தார். நடுவில் இருக்கும் பெரிய ஓவியத்தில் ஜேம்ஸ் மன்னரே தேவர்கள் சூழ மேலுலகம் ஏறுகிறார். அண்ணாந்து பார்த்தால்தான் அரசர் தெரிவார்.

அந்தக் காலத்தில் ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றி யார் ஆண்டார்கள்? வடக்கே செஞ்சி நாயக்கர்கள், தெற்கே தஞ்சை நாயக்கர்கள். நம் ஊர் இரண்டு பேரும் கண் வைத்திருந்த எல்லைப் பகுதி. விருத்தாசலத்திலிருந்து வரும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. நெல்லும் துணியும் ஆள்நடமாட்டமும் இந்த ஆற்றை ஒட்டித்தான் கடற்கரைக்குப் போயின. செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் ஆற்றின் முகத்துவாரத்தில் கிருஷ்ணப்பட்டணம் என்று தம் பெயரிலேயே ஓர் ஊரை உண்டாக்கினார். 1597-ல் செஞ்சிக்கு வந்த பிமென்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் இவரை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். தில்லை கோவிந்தராஜர் சன்னதித் திருப்பணியை எதிர்ப்புக்கு நடுவே நடத்தியவரும் இவரே. 1608-ல் தேவனாம்பட்டினத்தில் இறங்க டச்சுக்காரர்களுக்கு அனுமதி தந்ததும் இவர்தான்.

தஞ்சையில் 1600 முதல் ரகுநாத நாயக்கர். 1620-ல் தரங்கம்பாடியை டென்மார்க்காரர்களுக்குக் கொடுத்தவர். நம் பக்கத்து ஊரான புவனகிரியில் பிறந்த ஸ்ரீராகவேந்திரர் 1621-ல் தஞ்சையில் துறவறம் ஏற்றதும் இவர் ஆட்சியில்தான். புவனகிரியில் பிறந்து 1671-ல் மந்திராலயத்தில் பிருந்தாவனப் பிரவேசம் செய்த அந்த மகானின் ஒரு வாழ்நாளுக்குள், லண்டனில் எலிசபெத், ஜேம்ஸ், சார்லஸ், குடியரசு, மறுபடி இரண்டாம் சார்லஸ் என்று அத்தனை மாற்றமும் நடந்து முடிந்தது.

கைகூப்பி நிற்கிறார்கள் என்பதற்காக நாயக்கர்களைப் புனிதர்களாக்கி விடக் கூடாது. தோப்பூர்ப் போரில் தமிழ்நாட்டு நாயக்கர்களே இரண்டு அணியாகப் பிரிந்து வெட்டிக்கொண்டார்கள். படைக்கும் திருப்பணிக்கும் போன பொன், உழவரும் நெசவாளரும் கொடுத்த வரிப் பணம். ஆனாலும் கோயிலுக்குள் அரசனுக்கு இன்ன இடம் என்று ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பை அவர்கள் கல்லிலேயே ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிற்பியிடம் தங்களை எப்படிச் செதுக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லாமலா இருந்தது?

சார்லஸ் அப்படி ஒரு வரம்பை ஒப்புக்கொள்ளவில்லை. 1629 முதல் 1640 வரை பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். பணத்துக்கு வழியில்லாமல் போகவே, 1640-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்கிலிருந்த மிளகைக் கடனுக்கு வாங்கி, வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றுக் கையில் காசு பார்த்தார். கம்பெனிக்கு அந்தக் கடன் ஒழுங்காக வந்து சேரவில்லை. கீழை நாட்டில் காய்த்த மிளகு லண்டனில் ஒரு ராஜாவின் கைச்செலவாகப் போனது. அதே ஆண்டில்தான் கம்பெனி ஆட்கள் சென்னைக் கடற்கரையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள்.

1642-ல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. மன்னர் தோற்றார். 1649 ஜனவரி 30 அன்று, தந்தையை மேலுலகம் ஏற்றிவைத்த அந்த ஓவியத்தின் கீழே அவரை நடத்திக்கொண்டு போய், மண்டபத்துக்கு வெளியே கட்டியிருந்த மேடையில் தலையை வெட்டினார்கள்.

ஏறக்குறைய அதே நாட்களில் இங்கே செஞ்சிக் கோட்டை பீஜப்பூர் படையிடம் விழுந்தது. செஞ்சி நாயக்கர் ஆட்சி அதோடு முடிந்தது. தஞ்சையில் ரகுநாதரின் மகன் விஜயராகவர் 1673 வரை தாக்குப்பிடித்து, மதுரைப் படையோடு பொருது களத்திலேயே உயிர்விட்டார்.

அதற்குப் பிறகு நம் பகுதிக்கு அமைதி என்பதே இல்லை. 1677-ல் சிவாஜி வந்து செஞ்சியைப் பிடித்தார். திருவதிகைப் பக்கம் அவரிடம் தோற்ற பீஜப்பூர் தளபதி ஷேர்கான் லோடி பின்வாங்கி ஒதுங்கியது புவனகிரியில். துரத்திவந்த படை வெள்ளாற்றங்கரை வரை வந்தது என்றால், ஸ்ரீமுஷ்ணத்து மக்கள் அந்த ஆனி மாதத்தை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பின்னாலேயே முகலாயர் வந்தார்கள். சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டைக்குள் இருக்க, முற்றுகை 1690 முதல் 1698 வரை நீண்டது.

லண்டனில் 1660-ல் முடியாட்சி திரும்பியிருந்தது. இரண்டாம் சார்லஸ் போர்ச்சுகல் இளவரசியை மணந்ததில் சீதனமாக வந்தது பம்பாய். அவர் தம்பி இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில், 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனத்தால் சென்னை மாநகராட்சி பிறந்தது. 1688 செப்டம்பர் 29-ல் அது வேலையைத் தொடங்கிய மூன்றே மாதத்தில் ஜேம்ஸே முடியை இழந்து பிரான்சுக்குத் தப்பிப் போனார். அவருடைய மகள் மேரியும் மருமகன் வில்லியமும் பாராளுமன்றம் வைத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பட்டமேறினார்கள்.

வில்லியம், மேரி காலத்துச் சம்பவம் ஒன்று நம் மாவட்டத்துக்கே உரியது. முற்றுகைச் செலவுக்குப் பணம் தேவைப்பட்ட மராத்தியர்களிடமிருந்து, 1690-ல் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எதுவரை? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை. அப்படியே நாலா பக்கமும் சுட்டார்கள். எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் நிலைத்தது. கடலூரும் அந்த எல்லைக்குள் வந்தது. சென்னை கவர்னர் எலிஹு யேல் வேல்ஸ் வம்சத்தவர். அந்நாட்டின் புனிதர் பெயரால் அது புனித டேவிட் கோட்டை ஆயிற்று. வயலில் நின்ற குடியானவர்களைக் கேட்டு யாரும் சுடவில்லை.

மேரியின் தங்கை ஆன் ராணி 1714 ஆகஸ்ட் 1 அன்று இறந்தார். பதினேழு முறை கருவுற்றும் பிள்ளை ஒன்றும் தங்காத அவரோடு ஸ்டூவர்ட் ஆட்சி முடிந்தது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செஞ்சியில் தேசிங்குராஜன் மாண்டான். இருபத்திரண்டு வயது. அவன் கதையைத் தெருக்கூத்திலும் பாட்டிலும் கேட்டு வளராதவர்கள் நம் பக்கத்தில் குறைவு.

பின்னால் நடந்தது தெரிந்த கதை. 1801-ல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகம் கம்பெனி கைக்கு வந்தது. 1817-ன் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில் சொத்துகளை ரெவினியூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. 1863-ல் அரசு விலகிக்கொண்டு உள்ளூர்க் கமிட்டிகளை அமைத்தது. 1925-ல் அறநிலைய வாரியத்துக்கான சட்டம், 1959-ல் இன்றுள்ள சட்டம்.

இத்தனை கைமாறியும் கோயில் நடந்ததற்குக் காரணம், அது ஒரே அரசனின் கஜானாவை நம்பி இருக்கவில்லை என்பதே என் கணிப்பு. மாசி மகத்துக்குப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது இதைக் கண்ணாரப் பார்க்கலாம். வழியெங்கும் ஊராரின் மண்டகப்படி. கிள்ளைத் தைக்காலில் தர்காவைச் சேர்ந்த இஸ்லாமியப் பெருமக்கள் பெருமாளுக்கு மாலையும் பழத்தட்டும் கொடுத்து மரியாதை செய்கிறார்கள். பெருமாள் பிரசாதம் அவர்களுக்குப் போகிறது. இதில் எந்த மகுடமும் இல்லை.

இந்த மண்டகப்படிக்காரர்களின் வரலாறுதான் இன்னும் எழுதப்படவில்லை. மன்னர்கள் தூணில் இருக்கிறார்கள். உபயதாரர் குடும்பங்களின் பெயர்கள் பழைய பத்திரங்களிலும், வீட்டுப் பரணில் கிடக்கும் கணக்கு நோட்டுகளிலும், ரசீதுகளிலும்தான் இருக்கின்றன. கரையான் அரிப்பதற்கு முன் அவற்றைப் படியெடுத்து, ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்தில் சேர்த்துவைக்க வேண்டும். வைத்திருப்பவர்கள் இந்த மாசிக்குள் தேடி எடுங்கள்.