லயத்துச் சுவர் சொல்லும் சரித்திரம்



வீட்டின் உட்புறத்தை எப்படி அழகுபடுத்துவது என்பது இன்று ஒரு பெரிய கலையாகவும் அதைவிடப் பெரிய வியாபாரமாகவும் வளர்ந்துவிட்டது. எந்தச் சுவருக்கு எந்த வர்ணம், எந்த யன்னலுக்கு எந்தத் திரைச்சீலை என்று ஆலோசனை சொல்வதற்கே ஆட்கள் இருக்கிறார்கள். இந்தக் கலையின் வரலாற்றை எழுதுபவர்கள் அரண்மனைகளையும் வளவுகளையும் பங்களாக்களையும் பற்றி எழுதுவார்கள். ஊவா மாகாணத்தில் இந்த வரலாற்றுக்கு இரண்டு அறைகள் உண்டு. ஒன்று பங்களாவின் வரவேற்பறை. மற்றையது லயத்துக் காம்பரா. முதலாவது அறையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். பதுளைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

முதலில் பங்களாவுக்குப் போவோம். அப்புத்தளையிலிருந்து சுமார் மூன்று கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது அடிஷாம் மாளிகை. கட்டியவர் சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் தாம் பிறந்த ஊரின் பெயரையே மாளிகைக்கும் சூட்டினார். கெண்டில் உள்ள லீட்ஸ் கோட்டையை முன்மாதிரியாகக் கொண்டு 1931இல் இது கட்டிமுடிக்கப்பட்டது. கதவு யன்னல்களுக்குப் பர்மாத் தேக்கு. தளபாடமும் கம்பளமும் பீங்கானும் கண்ணாடிப் பொருள்களும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து எழுநூறு அடி உயரத்தில், தேயிலை மலைகளின் நடுவே, ஓர் ஆங்கிலக் கிராமத்துப் பிரபுவின் வீடு அப்படியே இறக்கி வைக்கப்பட்டது. 1961இல் அரசாங்கம் இதனை வாங்கியது. பின்னர் அம்பிட்டியைச் சேர்ந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளிடம் கையளிக்கப்பட்டது. அவர்கள் அதனைப் பேணி வருவதால், வில்லியர்ஸ் துரையின் வரவேற்பறையையும் நூலகத்தையும் இன்றும் நாம் போய்ப் பார்க்கலாம்.

அதே 1931ஆம் ஆண்டு இந்த நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்த ஆண்டு என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. மாளிகையைச் சுற்றியிருந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் அப்போது எந்த அறையில் இருந்தார்கள்?

பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. பக்கத்துக் காம்பராவுக்கும் இதற்கும் ஒரே சுவர். இரட்டை லயமானால் முதுகுப்புறத்திலும் இன்னொரு குடும்பம். இந்த அளவு கோப்பிக் காலத்தின் சொத்து. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்தில்தான். தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக வந்தவர்கள் வேலை முடிந்ததும் திரும்பிப் போனார்கள். வந்து போகும் ஆளுக்கு வீடு எதற்கு என்று துரைமார் கணக்குப் போட்டார்கள். மண் சுவரும் மானாப்புற்கூரையும் கொண்ட ஒரு கொட்டில் போதுமென்று தீர்மானித்தார்கள். அந்தக் கொட்டிலுக்குள் அலங்காரம் என்று எதுவும் இருந்திருக்க நியாயமில்லை.

1869இல் நமது ஊவாவிலேயே, மடுல்சீமையில், கோப்பி இலைகளில் ஒரு செந்தூள் நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்த நோய் இலங்கைக் கோப்பியைத் தின்று தீர்த்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் நட்டுப் பார்த்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னைக்கு வந்து சேர்ந்தார். இந்தப் பயிர் மாற்றம் லயத்துக்குள்ளும் ஒரு மாற்றத்தைச் செய்தது. தேயிலை வருடம் முழுவதும் கொழுந்து விடுவது. அதனைப் பறிக்கப் பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே குடும்பம் வந்தது; பிள்ளை பிறந்தது; திரும்பிப் போகும் பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கொட்டில் வீடாக வேண்டிய நிர்ப்பந்தம் தேயிலையோடுதான் ஏற்பட்டது. ஆனால் அளவு மட்டும் கோப்பிக் காலத்து அளவாகவே நின்றுவிட்டது.

ஆட்கள் பெருகியபோது காம்பராவை அகலமாக்க முடியவில்லை, பிரிக்கத்தான் முடிந்தது. இஸ்தோப்பின் ஒரு பக்கத்தைத் தகரத்தாலும் பலகையாலும் அடைத்துக் குசினியாக்கினார்கள். அடுப்புக்கு மேலே அட்டல் கட்டி விறகையும் பாத்திரங்களையும் ஏற்றினார்கள். மூத்த மகனுக்குக் கலியாணம் ஆனதும் கயிறு கட்டிப் பழைய சேலையொன்றைத் தொங்கவிட்டார்கள். மறுபக்கம் புதுப்பெண்ணின் வீடு. சேலைக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமுவது கேட்கும். இந்தப் பக்கம் வளையல் சத்தம் எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம் அதே போன்ற இன்னொரு சேலை, கூரை மரத்தில் தொட்டிலாகத் தொங்கும். உலகத்தில் திரைச்சீலைக்கு எத்தனையோ வரலாறுகள் உண்டு. இவ்வளவு பாரத்தைத் தாங்கிய திரைச்சீலை வேறெங்காவது இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

இப்போது சுவருக்கு வருவோம். 1912ஆம் ஆண்டின் நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச் சட்டப்படி, லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டச் சொந்தக்காரரின் கடமையாயிற்று. தோட்டம் வெளிச்சுவருக்கு வெள்ளையடித்தது அந்தக் கடமைக்காக. உட்சுவரை எங்கள் பெண்கள் அழகாக்கியது வேறொரு காரணத்துக்காக. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் அடுப்புப் புகையேறிய சுவரைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்து அடிப்பார்கள். சுவரின் அடிப்பாகத்தில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் பட்டி. தரையைச் சாணத்தால் மெழுகும்போது விரல்களை வளைத்து வளைத்து இழுப்பார்கள்; காய்ந்ததும் தரை முழுவதும் பிறை பிறையாகத் தெரியும். என் அம்மாயியின் பிறைகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். லயத்துப் பெண்கள் அதைப் பார்க்கவென்றே வந்து போவார்கள்.

சுவரில் கடதாசி ஒட்டும் வழக்கத்துக்கு எங்கள் ஊவாவின் காற்று ஒரு காரணம். ஆடி ஆவணியில் மலையைத் தாண்டி வரும் வரண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுக்கிறது. அதே காற்று லயத்தின் வெடிப்புகள் வழியாகப் புகுந்து பிள்ளைகளை நடுங்க வைத்தது. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பழைய பத்திரிகைகளை வெடிப்பின் மேல் ஒட்டினார்கள். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தொடங்கிய பிறகு தமிழ்ப் பத்திரிகைத் தாளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. எழுத்தறியாத தாய்மார் படம் பார்த்து ஒட்டினார்கள். எழுத்தறிந்த பிள்ளைகள் படுத்துக்கொண்டே வாசித்தார்கள். பாதிச் செய்தி சுவரில் இருக்கும்; மீதிச் செய்தி அடுத்த தாளுக்கு அடியில் மறைந்துவிடும். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது அப்படிப்பட்ட ஒரு சுவரில்தான்.

கடதாசிக்கு மேலே சாமி படங்கள். 1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம், தெய்வங்களைக் கோயிலிலிருந்து வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தது. பிறகு அந்தத் தொழிலில் சிவகாசி முன்னணிக்கு வந்தது. கோவில்பட்டியிலிருந்து வரைந்த கொண்டையராஜு (1898–1976) என்ற ஓவியரின் இலட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் சிவகாசிக் கலண்டர்களில் அச்சாகித் தமிழர் வாழும் இடமெல்லாம் பரவினார்கள். பதுளைக் கடைத்தெருவில் வருடப் பிறப்புக்குக் கலண்டர் வாங்கிவரும் ஆட்கள், வருடம் முடிந்ததும் திகதித்தாளைக் கழித்துவிட்டு அட்டைப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். கிறிஸ்தவக் காம்பராக்களில் அந்த இடத்தில் இயேசுவின் திரு இருதயப் படம். ஊரில் குலதெய்வத்தின் கோயிலை விட்டுவந்த சனங்களுக்கு, தெய்வம் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

தெய்வங்களுக்குப் பக்கத்தில் தலைவர்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் பதுளைக்கும் வந்து பேசினார். 1939இல் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. இருவரின் படங்களும் லயத்துச் சுவருக்கு வந்தன. பிறகு தொழிற்சங்கத் தலைவர்கள். அதன் பிறகு எம்.ஜி.ஆர். அவர் கண்டியில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஓர் உறவு முறையும் சேர்ந்துகொண்டது. தேயிலைப் பெட்டிப் பலகையில் தட்டு அடித்து, அதன் மேல் பூவேலை செய்த துணியை விரித்து, ட்ரான்சிஸ்டர் வானொலியை வைத்தார்கள். இன்று நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த வானொலியும் அந்த அலங்காரத்தில் ஓர் அங்கம். மாலையில் அதைத் திறந்தால் லயத்தில் பாதிப்பேர் இஸ்தோப்பில் கூடிவிடுவார்கள்.

நேயர்களே, இந்தப் பொருள்களை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். படம், விளக்கு, ட்றங்குப்பெட்டி, சேலை, வானொலி. எல்லாமே தூக்கிக்கொண்டு போகக்கூடியவை. தூக்க முடியாதவை சாணமும் சுண்ணாம்பும் கடதாசியும். அவற்றுக்குக் காசு அதிகமில்லை. இது ஏழ்மையால் மட்டும் வந்த பழக்கமென்று நான் நினைக்கவில்லை. காம்பரா வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலையிலிருந்து நிறுத்தித் துண்டு கொடுத்துவிட்டால் கூரையும் போயிற்று. சுவரில் ஓர் அலுமாரியைக் கட்டுவதற்கும் யன்னலைப் பெருப்பிப்பதற்கும் தோட்டத்தின் அனுமதி வேண்டும். ஒரு மனிதன் தன் வீட்டில் எதைச் செய்கிறான் என்பது, அது தன்னுடைய வீடுதானா என்பதைப் பொறுத்தது. எங்கள் ஆட்கள் தமக்குச் சொந்தமில்லாத சுவரில், நாளைக்கே கழற்றிக்கொண்டு போகக்கூடிய அழகைத் தொங்கவிட்டார்கள்.

அந்த நாளும் வந்தது. 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்கள் எங்கள் சனங்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கின. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். கடவுச்சீட்டுக்குப் படம் பிடிக்கப் பதுளைக்குப் போன குடும்பங்கள், அப்படியே எல்லோரும் சேர்ந்து ஒரு படமும் எடுத்துக்கொண்டன. ஒரு பிரதி ட்றங்குப்பெட்டிக்குள் தலைமன்னாருக்குப் பயணமாகும். மறு பிரதி இங்கே நிற்கும் அண்ணன் வீட்டுச் சுவரில் மாட்டப்படும். எங்கள் லயத்தில் இப்படிப்பட்ட படமில்லாத காம்பரா இரண்டோ மூன்றோதான். போனவர்களின் காம்பராச் சுவரில், சாமி படம் இருந்த இடம் மட்டும் புகைபடாமல் சதுரம் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

1983 ஜூலையில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அப்போதும், சாமி படத்தையும் ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஒளிந்தவர்களை நான் அறிவேன்.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போனது. பிரஜாவுரிமைச் சிக்கல் 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களால் தீர்ந்தது. ஆனால் லயம் நின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் மாகல்தெனியாவில் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நீண்ட நாட்கள் இருந்துவிட்டே புது வீடுகளுக்குப் போனார்கள். அதன் பின் தனிவீட்டுக் கோரிக்கை முன்னிலும் வலுத்தது. இப்போது இந்திய உதவியுடனும் வேறு திட்டங்களாலும் 550 சதுர அடி வீடுகள் எழும்புகின்றன. 120 சதுர அடிக் காம்பராவிலிருந்து அங்கே போகிறவர்கள் முதலில் செய்வது என்ன தெரியுமா? சுவரில் ஆணி அடிக்கிறார்கள். பிறகு சீமெந்துத் தட்டுக் கட்டி, நிலத்துக்கு மாபிள் பதித்து, கண்ணாடி அலுமாரி செய்கிறார்கள். தூக்கிக்கொண்டு போக முடியாத அலங்காரம் எங்கள் சனங்களின் வீட்டுக்குள் வரத் தொடங்கிவிட்டது. கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்த பிள்ளைகளின் காசு அது. வீண் செலவு என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காணி உறுதி மட்டும் இன்னும் எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லை. அது வந்தால்தான் இந்த அலங்காரம் நிலைக்கும்.

இதற்கிடையில் வேறொன்றும் நடக்கிறது. பழைய துரைமார் பங்களாக்கள் சில உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. எங்கள் வீட்டில் தட்டாக இருந்த தேயிலைப் பெட்டி, பட்டணத்து வரவேற்பறைகளில் பழம்பொருள் அலங்காரமாக நிற்கிறது. துரையின் அறையும் பெட்டியும் பாதுகாக்கப்படுகின்றன. லயத்துக் காம்பராவுக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு மிகக் குறைவு. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயமொன்றிலேயே 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. ஊவாவில் உள்ளவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

லயங்கள் இடிக்கப்படத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சில்லை. இடிப்பதற்கு முன் ஒரு சிறு வேலை இருக்கிறது. மாணவர்களே, உங்கள் பாட்டியிடம் கேட்டு அந்தக் காம்பராவைக் கடதாசியில் வரைந்து வையுங்கள். அடுப்பு எங்கே, அட்டல் எங்கே, சேலைத் திரை எந்தப் பக்கம், எந்தச் சுவரில் எந்தப் படம், யார் எங்கே படுத்தார்கள் என்று எழுதி, தோட்டத்தின் பெயரையும் வருடத்தையும் குறித்து வையுங்கள். தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.